கேட்பவனும் பாட்டில் பங்காளி

காதல் படங்களில் பாட்டு பெரும்பாலும் அலங்காரமாகவே நின்றுவிடுகிறது; காதலர் கூடினால் ஒன்று, பிரிந்தால் ஒன்று. ஜான் கார்னி இயக்கிய ‘பிகின் அகெய்ன்’ இவ்வழக்கத்தைத் தலைகீழாக்குகிறது. 2013இல் டொராண்டோ திரைவிழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டபோது, ஒரு பாட்டு உங்கள் உயிரைக் காக்குமா என்ற கேள்வியே அதன் தலைப்பாக இருந்தது.

காதலன் டேவுடன் இங்கிலாந்திலிருந்து நியூயார்க் வந்தவள் கிரெட்டா (கியரா நைட்லி). லாஸ் ஏஞ்சல்ஸ் சென்று திரும்பும் டேவ், தன் புதிய பாடலொன்றை அவளுக்குக் கேட்கத் தருகிறான். அது வேறொருத்திக்காகப் பிறந்தது என்பதைக் கேட்ட மாத்திரத்தில் அறிந்துகொள்கிறாள். வாக்குமூலம் தேவைப்படவில்லை, அவளுடைய செவியே சாட்சி.

அந்நிய நகரில் தனித்து நிற்கும் அவள் ஒரு மதுக்கூடத்தில் கிதாருடன் பாடுகிறாள். எவரும் பொருட்படுத்துவதில்லை. வேலையிழந்த இசைத் தயாரிப்பாளர் டான் (மார்க் ரஃபலோ) மட்டும் குடிமயக்கத்திலும் கேட்கிறார். அங்கே இசைப்பாரில்லாத பியானோவும் செல்லோவும் டிரம்ஸும் அவர் மனத்துள் ஒவ்வொன்றாக இசைக்கத் தொடங்குகின்றன. பாடியவள் பாதியைத்தான் தந்தாள். மீதியைக் கேட்டவர் படைத்தார். படத்தின் உயிர்நிலை இக்காட்சிதான் என்பேன்.

பின்னர் இருவரும் ஒரே கருவியில் இரண்டு ஹெட்போன்களைப் பொருத்திக்கொண்டு இரவு நகரில் நடக்கிறார்கள். தொடுகையோ முத்தமோ இல்லை. ஆயினும் அதைவிட நெருக்கமான காதற்காட்சி அண்மைக்கால ஆங்கிலப் படங்களில் அரிது.

குறைகளும் உண்டு. தெருக்களிலும் மொட்டைமாடியிலும் நடக்கும் ஒலிப்பதிவு நம்பமுடியாத அளவுக்கு எளிதாக முடிந்துவிடுகிறது. இசைத்தட்டை நிறுவனத்துக்குத் தராமல் இணையத்தில் ஒரு டாலருக்கு விற்கும் முடிவும் இன்று தேவதைக் கதைபோல் ஒலிக்கிறது.

எனினும் இறுதிக்காட்சி அக்குறைகளை மறக்கச் செய்கிறது. ‘லாஸ்ட் ஸ்டார்ஸ்’ கிரெட்டா ஒரு கிறிஸ்துமஸ் பரிசாக டேவுக்கு எழுதித் தந்த மென்மையான பாடல். அதை அவன் அரங்கம் அதிரும் கூச்சலாக மாற்றியிருந்தான். அவள் வேண்டியபடியே மேடையில் பழைய வடிவில் தொடங்குகிறான். கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. பாட்டு முடியுமுன்பே அவள் வெளியேறி, சைக்கிளில் இரவுக்குள் போகிறாள். டேவும் இல்லை, டானும் இல்லை. பாட்டு மட்டும் அவளோடு.

காதலர் சேர்ந்தார்களா என்று கேட்பவர்களுக்கு இம்முடிவு ஏமாற்றம் தரலாம். தன் பாட்டைச் சரியாகக் கேட்கும் ஒருவர் கிடைத்ததே அவளுக்குப் போதுமானதாயிருந்தது என்றே நான் கருதுகிறேன்.