பிள்ளை வந்துவிட்டான், உடம்பு இன்னும் வரவில்லை

டிசம்பர் மாதம் நெருங்கினால் நம் தோட்டத்து வீடுகளிலும் டவுன் வீடுகளிலும் ஒரே பரபரப்புத்தான். லண்டனில் வேலை பார்க்கும் மகன் குடும்பத்தோடு வருகிறான். மான்செஸ்டரில் தாதியாக இருக்கும் மகள் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறாள். அங்கே அப்போது கடுங்குளிர். மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். இங்கே வெயிலும் இளநீரும் அம்மா கைச் சாப்பாடும் காத்திருக்கின்றன. இரண்டு வார விடுமுறைக்காக வருடம் முழுதும் பணம் சேர்த்து டிக்கெட் எடுக்கிறார்கள். நாமோ காலண்டரில் ஒரு கட்டம் விடாமல் எழுதி வைத்துவிடுகிறோம். முதல் நாள் விருந்து, இரண்டாம் நாள் குலசாமி கோயில், மூன்றாம் நாள் சித்தி வீடு, நான்காம் நாள் பத்துமலை.

பிறகு நடப்பது என்ன? பேரன் பகல் பன்னிரண்டு மணிக்கு வாழை இலை முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கி விழுகிறான். நடுச்சாமம் இரண்டு மணிக்கு எழுந்து பசிக்கிறது என்று அழுகிறான். மருமகள் முகங்கொடுத்துப் பேசவில்லை என்று மாமியாருக்கு மனத்தாங்கல். “சீமைக்குப் போனதும் நம்ம சாப்பாடு இறங்கலை போலிருக்கு” என்று அத்தை ஒரு வார்த்தையை விட்டுவிடுகிறார். அந்த வார்த்தை மனத்தில் தங்கி, அடுத்த வருட விடுமுறைக்கு அவர்கள் ஸ்பெயின் நாட்டுக் கடற்கரைக்குப் போய்விடுகிறார்கள். இப்படிப் போக்குவரத்துக் குறைந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். இதில் குற்றம் யார் மேலும் இல்லை. பதின்மூன்று மணி நேரம் ஆகாயத்தில் வந்த உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதை வீட்டில் யாரும் எடுத்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஆகவே இம்மாதம் அதையே எழுதுகிறேன்.

லண்டனுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே பத்தாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். குளிர்காலத்தில் நம் கடிகாரம் அவர்களுடையதைவிட 8 மணி நேரம் முன்னே ஓடுகிறது. வகுப்பில் இதை விளக்க எனக்கு ஒரு பம்ளிமாஸ் பழமும் ஒரு டார்ச் விளக்கும் போதும். வெளிச்சம் விழும் பக்கம் பகல், மறுபக்கம் இரவு. பழத்தைச் சுற்றினால் பிள்ளைகள் உடனே புரிந்துகொள்வார்கள். ஆனால் “சார், அப்படியானால் விமானத்தில் வந்தவருக்கு எப்போது பசிக்கும்?” என்று ஒரு மாணவி கேட்டாள் பாருங்கள், அதற்குப் பழமும் விளக்கும் போதாது.

நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. அதை நம்பாதவர்கள் பால் வெட்டி ஓய்வு பெற்றவர்களைக் கேட்கட்டும். எங்கள் தோட்டத்தில் பெரியவர் ஒருவர் வேலையை விட்டுப் பத்து வருடம் ஆகிறது. இன்றும் அதிகாலை நாலரைக்குக் கண் விழித்துக்கொள்கிறார். பெரட்டும் இல்லை, மணியும் இல்லை. எழுப்புவது அந்த உள்கடிகாரம். உறக்கம், பசி, உடற்சூடு, வெளிக்குப் போவது எல்லாம் அதன் கணக்குப்படிதான் நடக்கின்றன. அது எப்படி ஓடுகிறது என்பதை ஈக்களை வைத்து ஆராய்ந்து கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் என்ற மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

கைக்கடிகாரத்தை விமானத்திலேயே திருப்பி வைத்துவிடலாம். உள்கடிகாரம் அப்படித் திரும்பாது. கிழக்கு நோக்கி வந்தவருக்கு அது நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகரும். மேற்கே போகிறவருக்கு ஒன்றரை மணி நேரம் வரை நகரும். மனித உடம்பின் இயற்கையான நாள் 24 மணிக்குச் சற்றே கூடுதல் என்பதால், நாளை நீட்டுவது அதற்கு எளிது, சுருக்குவது கடினம். லண்டனிலிருந்து நம்மிடம் வருவது கிழக்குப் பயணம். ஆக, வருகிறபோதுதான் தொல்லை அதிகம்.

நம் பகல் பன்னிரண்டு மணி பேரனின் உடம்புக்கு விடியற்காலை நான்கு மணி. அந்த நேரத்தில் ஆட்டுக்கறிப் பிரட்டலோடு சோறு வைத்தால் யாரால்தான் சாப்பிட முடியும்? நம் இரவு இரண்டு மணி அவனுக்கு மாலை ஆறு மணி, விளையாடிவிட்டுச் சாப்பிட உட்காரும் நேரம். அவன் அடம் பிடிக்கவில்லை, தாய்மார்களே. அவன் கடிகாரம் இன்னும் வழியில் இருக்கிறது.

நம் பாட்டன்மார் காலத்தில் இந்தத் தொல்லை கிடையாது. 1926 முதல் 1970-களின் தொடக்கம் வரை ஓடிய ராஜுலா கப்பலில் சென்னையிலிருந்து பினாங்கு வந்து சேர ஒரு வாரம் போல ஆகும். வாந்தியும் நெரிசலும் தலைசுற்றலும் உண்டு. நேரக் குழப்பம் இல்லை. கப்பல் மெல்ல வர, உடம்பும் மெல்ல வந்தது. துரைமார்கள் சீமைக்கு லீவில் போனபோதும் கப்பலில் வாரக் கணக்குதான். 1935-இல் லண்டனிலிருந்து சிங்கப்பூர் வழியாகப் பிரிஸ்பேனுக்குப் பயணிகளை ஏற்றிச் சென்ற விமான சேவைகூட பன்னிரண்டரை நாள் எடுத்துக்கொண்டது. ஜெட் விமானம் வந்த பிறகுதான் ஆள் முன்னே வந்து, உடம்பு பின்னால் வரும் வேடிக்கை தொடங்கியது. இதற்கு ‘ஜெட் லாக்’ என்று பெயர் வைத்ததும் அதனால்தான்.

அரை மணி நேரத்துக்கே நாம் முணுமுணுத்தவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1981 டிசம்பர் 31 இரவு 11.30 ஆனபோது தீபகற்ப மலேசியாவில் கடிகாரத்தை 12 ஆக்கினார்கள். சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்குவதற்காக. பெரட்டுக்குப் போகும்போது முன்னைவிட இருட்டாக இருக்கிறது என்று தொழிலாளர்கள் குறைப்பட்டதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அரை மணிக்கே அப்படி என்றால் எட்டு மணி நேரத்தை எண்ணிப் பாருங்கள்.

நேரம் மட்டும்தான் காரணம் என்றும் நினைக்க வேண்டாம். விமானத்துக்குள் காற்றழுத்தம் நம் வீட்டில் இருப்பதுபோல் இருக்காது. ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயர மலையில் இருப்பதைப்போல் வைத்திருப்பார்கள். கெந்திங் மலை உச்சியில் பதின்மூன்று மணி நேரம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் எப்படியோ அப்படி. கேமரன் மலைக்குப் பேருந்தில் ஏறும்போது முறுக்குப் பாக்கெட் உப்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். பயணியின் வயிற்றுக்குள் இருக்கும் காற்றும் அப்படித்தான் உப்பும். பயணத்துக்கு முன்னால் கடலை, பருப்பு வகைகளைக் குறைத்துக்கொள்வது அவருக்கும் நல்லது, பக்கத்து இருக்கைக்காரருக்கும் நல்லது. காற்றில் ஈரமும் மிகக் குறைவு, நூற்றுக்கு இருபதுக்கும் கீழே. நம் ஊரில் எண்பது. தொண்டை வறண்டு, கண் எரிந்து, உதடு வெடித்து வந்து இறங்குகிறவர்களிடம் “ஏன் இப்படி வாடிப் போயிட்டே?” என்று கேட்கிறோம்.

இறங்கும் நேரத்தில் சிறு குழந்தைகள் வீறிட்டு அழுவது காதுவலியால். அப்போது பாலோ தண்ணீரோ குடிக்கக் கொடுத்தால், விழுங்கும்போது காது அடைப்பு விடும். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு ஒரு மிட்டாய் போதும். கடுமையான சளி இருந்தால் கிளம்பும் முன்பே டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

இனி, அவர்கள் வந்த பிறகு நாம் செய்யக்கூடியவை. முதல் மூன்று நாளைக் காலண்டரில் வெறுமையாக விடுங்கள். விருந்து வேண்டாம், பயணம் வேண்டாம், ஊர்சனம் வேண்டாம். பகலில் ரசம் சோறு, தயிர் சோறு, கஞ்சி என்று இலேசாக இருக்கட்டும். இரவு ஒரு பாத்திரத்தில் இடியப்பமோ ரொட்டியோ மூடி வைத்து, “பசித்தால் எடுத்துச் சாப்பிடுங்கள்” என்று சொல்லிவிட்டு நீங்கள் நிம்மதியாகத் தூங்கப் போங்கள். நடு இரவில் அவர்கள் சமையல்கட்டில் பாத்திரம் உருட்டினால் காதில் விழாதவர்போல் இருந்துவிடுங்கள்.

வெளிச்சம்தான் உள்கடிகாரத்தைத் திருப்பும் சாவி. காலை வெயிலில் நிறுத்தினால் சரியாகிவிடும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். எட்டு மணி நேரம் கிழக்கே வந்தவருக்கு முதல் இரண்டு நாள் அது பொருந்தாது. நம் காலை அவர் உடம்புக்கு நடு இரவு. அப்போது விழும் வெளிச்சம் கடிகாரத்தைத் தவறான பக்கம் தள்ளிவிடும். முதல் நாள் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். பிறகு நாளுக்கு நாள் அந்த நேரத்தைச் சிறிது முன்னே கொண்டு வரலாம். பகலில் தூங்கினால் ஒரு மணி நேரத்தில் எழுப்பிவிடலாம், அழுதாலும் பரவாயில்லை.

அந்தப் பகல் தூக்கத்தைப் பற்றி இன்னொன்று. டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. காலையிலும் பொழுது சாய்வதற்கு முன்பும் அதற்கு வேகம் அதிகம். நாம் இரவில் வலை கட்டுகிறோம், பகலில் பிள்ளை கூடத்தில் பாய் போட்டுத் தூங்குகிறது. வந்த பிள்ளைகளுக்குப் பகலிலும் வலை கட்டுங்கள். வீட்டைச் சுற்றி இருக்கும் சிரட்டை, பழைய டயர், பூச்சட்டித் தட்டு எல்லாவற்றையும் அவர்கள் வருவதற்கு முந்தின வாரமே கவிழ்த்துவிடுங்கள். அவர்களுக்காகச் சுவருக்குச் சாயம் அடிப்பதைவிட இது அவசியம் என்பேன். வெயிலுக்கு உடம்பு பழகவும் ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். அதுவரை தண்ணீர் கேட்கும் முன்பே கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

இந்தப் பாதையில் எதிர்த்திசையில் போகும் பெரியவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மகளின் பிரசவத்துக்கு என்று அறுபது வயதுக்கு மேல் முதன்முறையாக விமானம் ஏறும் அம்மாக்கள் நம்மில் அதிகம். வாழ்நாள் முழுதும் மேட்டிலும் பள்ளத்திலும் நடந்து வேலை செய்த கால்கள். பலருக்கு நரம்பு சுருண்டு கிடக்கும். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் கால் நரம்பில் இரத்தம் உறையும் அபாயம் ஏறக்குறைய இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-இல் தெரிவித்தது. ஆறாயிரம் பேரில் ஒருவருக்குத்தான் வரக்கூடும், பயந்துவிட வேண்டாம். ஆனால் உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்க வேண்டும். உட்கார்ந்தபடியே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்க வேண்டும். தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு கட்டையாகக் கிடக்கக் கூடாது. முன்பு இரத்தக் கட்டி வந்தவர்களும், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் டிக்கெட் எடுக்க வேண்டாம். “அங்கே போய் வழி தெரியாமல் நிற்பேனே” என்று தயங்குகிறவர்கள் டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி உதவி கேட்டு எழுதிவிடலாம். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

இன்சுலின் போடுகிறவர்கள் அதைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். பெரிய பெட்டியில் போட்டால் சரக்கு அறைக் குளிரில் உறைந்து கெட்டுவிடலாம். மேற்கே போனால் நாள் நீளும், கிழக்கே வந்தால் குறையும். ஊசியின் நேரமும் அளவும் அதற்கேற்ப மாற வேண்டியிருக்கும். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே கிளினிக்கில் கேட்டு, ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, திரும்பும் நாள். பெட்டி கட்டும்போது நம் அம்மாக்களின் அன்பு எல்லை மீறும். பிரிட்டனுக்குள் நம் நாட்டிலிருந்து இறைச்சியோ பால் பொருளோ கொண்டு போக அனுமதியில்லை. மூன்று நாள் வறுத்த ஆட்டுக்கறியும் உருக்கிய நெய்யும் விமான நிலையத்துக் குப்பைத் தொட்டிக்குத்தான் போகும். மசாலைத் தூளும் முறுக்கும் கொடுங்கள். எலுமிச்சை ஊறுகாயைக் கைப்பையில் வைக்காமல் நன்றாகக் கட்டிப் பெரிய பெட்டியில் வையுங்கள்.

லீவுக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். சனிக்கிழமை அங்கே ஏறினால் ஞாயிறு இங்கே. மறுவாரம் வெள்ளி இரவு இங்கே ஏறினால் சனி காலை அங்கே. எதிர்க்காற்றினால் போகும் பயணம் ஒரு மணி நேரம் போலக் கூடுதல். திங்கட்கிழமை பள்ளி, வேலை. பதினாறு நாளில் நம் கூரையின் கீழ் அவர்கள் தங்குவது பன்னிரண்டு இரவு. அதில் உடம்பு முழுதாக வந்து சேரவே ஏழெட்டு நாள் ஆகிவிடுகிறது. “இன்னும் ஒரு நாள் இருந்துவிட்டுப் போ” என்று ஞாயிறு வரை பிடித்து வைக்கும் தாத்தா பாட்டிமார் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். விருந்தையும் கோயிலையும் இரண்டாவது வாரத்தில் வைத்துக்கொண்டால் அந்தப் பேரன் கண் விழித்த நிலையில் உங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவான்.

ஊர் போய்ச் சேர்ந்ததும் மாலை ஐந்து மணிக்கே கண் சொருகும், விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வரும். நான்கைந்து நாளில் சரியாகிவிடும். சேர்ந்துவிட்டோம் என்று ஒரு செய்தி வந்தால் போதும் என்று இருங்கள். பேச வேண்டும் என்றால் நம் இரவு ஒன்பது மணிக்கு அழைக்கலாம்; அங்கே அப்போது பகல் ஒரு மணி. மருமகளுக்கு அது வேலை இடைவேளையாக இருக்கும்.