கல்வுஸ் என்றால் வழுக்கை

பள்ளிப் பிள்ளைகள் உயிரியல் பாடத்தில் வரும் இலத்தீன் பெயர்களை மந்திரம் போல உருப்போடுகிறார்கள். பொருள் கேட்டால் விழிக்கிறார்கள். பெயருக்குக் கீழே ஒரு வரி தமிழில் பொருள் போட்டால் போதும் என்பது என் கட்சி.

நம் பக்கத்துப் பறவை ஒன்றையே எடுத்துக்கொள்வோம். செந்தலைப் பாறு கழுகுக்கு ஆங்கிலத்தில் 'பாண்டிச்சேரி வல்ச்சர்' என்றும் ஒரு பெயர் உண்டு. பிரெஞ்சுக்காரர் சொன்னரா 1782-ல் வெளியிட்ட பயண நூலில் இதை வர்ணித்தார். அதை வைத்து, இந்தியாவுக்கே வராத இத்தாலியர் ஸ்கோபோலி 1786-ல் 'கல்வுஸ்' என்று பெயரிட்டார். இன்றைய முழுப்பெயர் சார்கோஜிப்ஸ் கல்வுஸ்.

கல்வுஸ் என்றால் வழுக்கையான என்று பொருள். சமஸ்கிருதத்தின் 'குல்வ' இதற்கு ஒன்றுவிட்ட உறவு. நம் 'வழுக்கை' தாத்தாவுக்கும் பாறைக்கும் இளநீருக்கும் மாறாமல் அப்படியே நிற்கும். இலத்தீனில் அது நடக்காது. ஆண்பால் பெயர்ச்சொல்லோடு கல்வுஸ், பெண்பாலோடு கல்வா, அஃறிணை போன்ற மூன்றாம் பாலோடு கல்வும். இந்தப் பால் சொல்லுக்கு உரியது, பறவைக்கு அல்ல. 'ஜிப்ஸ்' ஆண்பால் சொல் என்பதால் முட்டையிடும் பெட்டைக் கழுகும் கல்வுஸ்தான்! ஆப்பிரிக்கப் பச்சைப்புறா ஒன்று பழைய நூல்களில் 'ட்ரெரான் கல்வா'. பிறகு ட்ரெரான் ஆண்பால் என்று முடிவு கட்டி, கல்வுஸ் ஆக்கிவிட்டார்கள்.

நான் படித்த பிரெஞ்சில் இதே சொல் 'ஷோவ்' ஆனது. முன்பு ஆணுக்கு 'ஷோஃப்', பெண்ணுக்கு 'ஷோவ்' என்று இருந்து, கடைசியில் பெண்பால் வடிவமே இருவருக்கும் நிலைத்தது. வௌவாலுக்கு அங்கே 'வழுக்கை எலி' என்று பெயர், ஏனோ!

தேவாலயத்தில் கேட்கும் 'கல்வாரி'யும் இந்தக் குடும்பம்தான். நம் காதுக்குக் கல்லும் மலையும் கேட்கும். ஆனால் 'கல்வாரியா' என்றால் மண்டையோடு. பழைய தமிழ் பைபிளின் 'கபாலஸ்தலம்' அதன் நேர்ப்பொருள்.

இருந்தாலும் ஸ்கோபோலியைவிட நம் தமிழ்ப் பெயரே மேல் என்பேன். பிணந்தின்னிக் கழுகுகளில் பலவற்றுக்குத் தலையில் இறகு குறைவு. இதன் சிவப்புத் தலையோ தூரத்திலேயே அடையாளம் காட்டிவிடும்.

அப்படிக் காட்டத்தான் பறவை இல்லை. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்து, செத்த மாட்டின் வழியாகக் கழுகுகளைக் கொன்றது. கால்நடைகளுக்கு அதைக் கொடுப்பதை 2006-ல் தடை செய்தார்கள். மறு வருடமே இந்தக் கழுகு மிக அருகிய இனங்களின் பட்டியலில் ஏறியது. பாண்டிச்சேரிப் பெயர் கொண்ட இதைத் தமிழ்நாட்டில் பார்க்க, நீலகிரிப் பக்கம் மாயாறு பள்ளத்தாக்குக்குத்தான் போகவேண்டும்.