எழுத்திலும் இருக்கிறது எஞ்சினியரிங்!

(மூன்றாம் ஆண்டு, மின்னியல் துறை)



உங்கள் சட்டைப் பையில் ஒரு 100 ரூபாய் நோட்டு இருக்கிறதா? (மாசக் கடைசி என்றால் பக்கத்து பெஞ்ச் நண்பனிடம் கேளுங்கள். மறக்காமல் திருப்பிக் கொடுத்து விடுங்கள்!) புது நோட்டாக இருந்தால் நல்லது. கண்ணை மூடிக்கொண்டு விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். ஒரு முக்கோணம் மேடாகத் தட்டுப்படும். இரண்டு ஓரங்களிலும் நான்கு நான்கு சாய்வுக் கோடுகள் தட்டுப்படும். 500 ரூபாய் நோட்டிலோ முக்கோணத்துக்குப் பதில் வட்டம், நான்குக்குப் பதில் ஐந்து கோடுகள். பார்வையில்லாத ஒருவர் மளிகைக் கடையில் மிச்சக் காசை எண்ணி வாங்கும்போது யாரிடமும் 'இது எத்தனை ரூபாய்ங்க?' என்று கேட்டு நிற்கக் கூடாது என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார் பாருங்கள், அவருக்கு என் முதல் வணக்கம்!

டிசைன் என்றாலே நம்மில் பலருக்கும் ஞாபகம் வருவது சினிமா போஸ்டரும் கல்யாணப் பத்திரிகையும்தான். 'அதெல்லாம் ஆர்ட்ஸ் படிக்கிறவன் வேலைப்பா, நமக்கு எதுக்கு?' என்று ஒதுங்கி விடுகிறோம். இது தப்பு என்பது என் கட்சி. எழுத்தின் அளவு, இடைவெளி, நிறம், கோடு எல்லாமே நம்ம வேலைதான். எப்படி என்று கேளுங்கள்.

முதலாமாண்டு டிராயிங் ஹாலை நினைத்துப் பாருங்கள். ஏ முதல் இசட் வரை கட்டம் போட்டு எழுத்து எழுதச் சொன்னபோது நாம் முணுமுணுக்காத முணுமுணுப்பா! எழுத்தின் உயரம் 2.5, 3.5, 5, 7, 10 மில்லிமீட்டர் என்று இருக்க வேண்டுமாம். ஏன், 3, 4, 6 என்று இருந்தால் என்ன குடி முழுகிப் போகும்? கால்குலேட்டரை எடுத்து வகுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் முந்தியதைப் போல ஏறக்குறைய 1.4 மடங்கு. அதாவது ரூட் 2. நாம் தினமும் வாங்கும் ஏ4 தாளின் நீள அகல விகிதமும் அதே ரூட் 2தான். 1922இல் ஜெர்மனியில் தர அளவாக வந்த கணக்கு இது. ஏ3 படத்தைச் செராக்ஸ் கடையில் ஏ4 ஆகச் சுருக்கினால் 7 மில்லிமீட்டர் எழுத்து ஏறக்குறைய 5 ஆகிறது, 5 என்பது 3.5 ஆகிறது. சுருக்கிய படத்தில் ஒரு திருத்தம் போட வேண்டுமென்றால் அதே அளவுப் பேனாவும் ஸ்டென்சிலும் கையில் இருக்கும். நாம் 'போர்' என்று சொன்ன விஷயத்துக்குள் இத்தனை மூளை!

இன்னொரு சேதி. லண்டன் சுரங்க ரயிலின் வழிப்படம் உலகப் புகழ் பெற்றது. அதை வரைந்த ஹாரி பெக் பெரிய ஓவியர் என்று நினைத்து விடாதீர்கள். சிக்னல் பிரிவில் வேலை பார்த்த டிராஃப்ட்ஸ்மேன். நம்ம ஆள்! அதற்கு முந்தைய படங்களில் பாதைகள் தரைக்கடியில் எப்படி வளைந்து போகின்றனவோ ஏறக்குறைய அப்படியே வரைந்திருந்தார்கள். நடு ஊரில் ஸ்டேஷன்கள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. பெக் வேறு மாதிரி யோசித்தார். சுரங்கத்துக்குள் போகிறவனுக்கு மேலே உள்ள தெருவும் தூரமும் எதற்கு? எந்த ரயிலில் ஏறுவது, எங்கே மாறுவது, இந்த இரண்டும் தெரிந்தால் போதாதா? படுக்கைக் கோடு, நேர்க்கோடு, 45 டிகிரிக் கோடு, இவ்வளவுதான். செட்ஸ்கொயரால் போட்டு விடலாம். 1931இல் அவர் வரைந்து காட்டியபோது முதலில் வேண்டாம் என்று திருப்பி விட்டார்கள். 1933இல் அச்சடித்துக் கொடுத்ததும் ஜனங்கள் பிடித்துக்கொண்டார்கள். இன்று நம் சென்னை மெட்ரோவில் நீலக் கோடும் பச்சைக் கோடுமாக இருக்கிற படமும் அந்த வம்சம்தான்.

சரி, நன்றாக வரையாவிட்டால் என்ன ஆகும்? 2000ஆம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதி தேர்தலைப் பாருங்கள். புளோரிடாவில் பாம் பீச் என்ற மாவட்டம். வயதானவர்களுக்குத் தெரிய வேண்டுமே என்று எழுத்தைப் பெரிதாக்கினார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் பெயர்கள் ஒரு பக்கத்தில் அடங்காமல் இரண்டு பக்கமாகப் பிரிந்தன. குத்த வேண்டிய துளைகள் மட்டும் நடுவில் ஒரே வரிசை. இடது பக்கம் இரண்டாவதாக இருந்தவர் அல் கோர். அவருடைய துளையோ மூன்றாவது! இரண்டாவது துளை வலது பக்கத்தில் இருந்த புக்கானன் என்பவருக்கு. குழம்பிப் போய் ஒன்றுக்கு மேல் குத்தியதால் 19,000க்கும் மேற்பட்ட ஓட்டுகள் அந்த ஒரு மாவட்டத்தில் செல்லாமல் போயின. கடைசியில் மாநிலம் முழுவதற்கும் வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? 537 ஓட்டு!

நம் நாட்டின் முதல் பொதுத் தேர்தல் 1951–52இல் நடந்தபோது 100 பேரில் 18 பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு சின்னம். வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டியின் மேல் அந்தச் சின்னம். எழுத்துத் தெரியாத பாட்டியும் தானே ஓட்டுப் போட்டார். பின்னாளில் சுயேச்சைகளுக்கான சீப்பு, கெட்டில் போன்ற சின்னங்கள் பலவற்றைப் பென்சிலால் வரைந்த எம்.எஸ்.சேத்தி என்பவரும் தேர்தல் ஆணையத்தில் டிராஃப்ட்ஸ்மேன்தான். மறுபடியும் நம்ம ஆள்!

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. படிப்பவன் தடுமாறினால் படிப்பவனைத் திட்டுவது நம் பழக்கம். என் அறைத் தோழன் உதவித்தொகைக்காக ஓர் இணையதளத்தில் முக்கால் மணி நேரம் விண்ணப்பம் நிரப்பினான். கடைசிப் பக்கத்தில் 'சமர்ப்பி', 'அழி' என்று இரண்டு பித்தான்கள். ஒரே நிறம், ஒரே அளவு, ஒட்டி ஒட்டி. விரல் தவறியது, எல்லாம் போச்சு! 'நான் ஒரு மடையன்டா' என்று தலையில் அடித்துக்கொண்டான். அவனா மடையன்? அழிக்கும் பித்தானைத் தள்ளி வைத்து, 'நிச்சயமாகவா?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கூத்தே இல்லையே! படித்த அவனே இப்படி என்றால், 'எனக்கு விவரம் பத்தலப்பா' என்று ஒதுங்கிப் போகும் நம் அப்பா அம்மாக்கள் எத்தனை பேர்?

சாப்பாட்டுப் பொட்டலத்தில் இருக்கும் சைவ, அசைவக் குறியைக் கவனித்திருப்பீர்கள். முன்பெல்லாம் இரண்டுமே வட்டம். பச்சை என்றால் சைவம், பழுப்பு என்றால் அசைவம். நிறம் பிரித்தறிய முடியாதவர் என்ன செய்வார்? 2020இல் வந்த விதிகளில் அசைவத்துக்கு வட்டம் போய் முக்கோணம் வந்தது. நிறம் தெரியாவிட்டாலும் வடிவம் சொல்லி விடும். 'கண்ணை நல்லா திறந்து பாருய்யா' என்று யாரும் அவரை அதட்டத் தேவையில்லை.

தொழிற்சாலைப் பயிற்சிக்குப் போன இடத்தில் ஒரு கண்ட்ரோல் பேனல் பார்த்தேன். மேலே ஒரு வரிசைப் பித்தான், கீழே ஒரு வரிசை. பெயர்ப் பட்டைகள் இரண்டுக்கும் நட்டநடுவில்! பெயர் மேலே உள்ளதற்கா, கீழே உள்ளதற்கா? பாம் பீச் ஓட்டுச் சீட்டேதான். அங்கே வேலை செய்யும் ஓர் அண்ணன் இன்சுலேஷன் டேப்பை அம்புக்குறி மாதிரி வெட்டி ஒவ்வொரு பட்டைக்கும் ஒட்டி வைத்திருந்தார். 'ஏண்ணே?' என்றேன். 'புதுசா வர்ற பையன் தப்பான மோட்டாரைப் போட்டுட்டா, உள்ள கை விட்டு வேலை பார்க்கிறவன் கதி என்ன தம்பி?' என்றார். எந்தக் கல்லூரியிலும் டிசைன் படிக்காத அந்த அண்ணனைவிட நல்ல டிசைனர் வேண்டுமா?

நண்பா! நாளைக்கு நீயும் நானும் பேனலுக்குப் பெயர் எழுதுவோம், வால்வுக்குக் குறி போடுவோம், சர்க்யூட் படம் வரைவோம். நாம் போன பிறகு அதை நம்பி ஒருவன் கை வைப்பான். அதனால் இப்போதே பழகுவோம். பஸ் ஸ்டாண்டில், மருந்துப் பட்டையில், ரயில் டிக்கெட்டில் நல்லதைக் கண்டால் நின்று பார்த்து, 'பலே!' என்று சொல்லுவோம். நம் லேபில் ஒரு சுவிட்சுக்குப் பெயர் எழுதினால் ஒரு முதலாமாண்டுத் தம்பியைக் கூப்பிட்டு, நாலடி தள்ளி நிறுத்திப் படிக்கச் சொல்லுவோம். அவன் ஒரு நொடி தயங்கினாலும் அவனைக் கேலி செய்யாமல் பட்டையைக் கிழித்துவிட்டு வேறு எழுதுவோம்.