புதர் வெட்ட நாள் பார்க்காதீர்கள்

தேயிலைத் தோட்டத்தில் யாருக்குமே பிடிக்காத வேலை கவாத்து. நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை செடியைக் கழித்து, வெறும் கிளையாக நிறுத்த வேண்டும். அதன்பின் சில மாதங்களுக்கு அந்தக் காட்டில் கொழுந்து கிடையாது. கிலோ குறையும், மேலிடத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அதனால் "இந்த சீசன் போகட்டும்" என்பார்கள். தள்ளத் தள்ளச் செடி கை எட்டாத உயரத்துக்குப் போகும், துளிர் மெலியும்.

வால்பாறையில் ஃபீல்ட் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கவாத்தைத் தள்ளிப்போட்டவர்களில் ஒரு சோம்பேறியை நான் பார்த்ததில்லை. அட்டைக்கடியிலும் மழையிலும் விடிகாலையே காட்டில் நிற்பவர்கள்தான் அவர்கள். கசப்பான ஒரு பேச்சுக்குப் பயந்தே வேலையை ஒத்திப்போட்டார்கள். டிமோதி பிச்சில், ஃபியூஷியா சிரோய் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2013-இல் எழுதியதும் ஏறக்குறைய இதுதான்: மனிதன் ஒத்திப்போடுவது வேலையை அல்ல, அந்த வேலை தரும் மனச்சங்கடத்தை.

கவாத்து தள்ளிப்போனால் நஷ்டம் கிலோவில். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீட்டுப் பின்புறம், சிறுத்தை பதுங்கும்படி மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடியை வெட்டுவது தள்ளிப்போனால்? வாசலில் விளையாடிய குழந்தையைச் சிறுத்தை தூக்கிப்போன துயரம் இந்த மலையில் ஒருமுறை நடந்ததல்ல. அரிவாள் புதருக்குப் போவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். லயன் பக்கத்தில் எரியாத பல்பைப் பற்றியும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆபீஸ் படியேறிச் சொல்ல யாருக்கும் மனம் வராது. "போன வாரந்தான சொன்னீங்க, மறுபடி எதுக்கு வந்தீங்க?" என்ற ஒரு கேள்வி போதும், கொழுந்து பறிக்கும் அக்கா அடுத்த முறை வரமாட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

இந்தத் தயக்கத்துக்கு வழி இதே ஊரில், யானை விஷயத்தில் இருக்கிறது. யானையால் இங்கே உயிரிழந்தவர்களில் பெரும்பாலோர் அது பக்கத்தில் நிற்பதே தெரியாமல் நடந்து போனவர்கள். இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆனந்தகுமார் குழுவினர் அதைக் கண்டறிந்து, யானை நிற்கும் இடத்தைக் கைபேசிக் குறுஞ்செய்தியாக அனுப்பத் தொடங்கினார்கள். முக்கியமான இடங்களில் தூரத்திலிருந்தே தெரிகிற சிவப்பு விளக்குகளை வைத்தார்கள். ஊர்க்காரரே தன் கைபேசியிலிருந்து அழைத்து விளக்கை எரியவைக்கலாம். மனுப் போட வேண்டாம், யார் முன்னாலும் கைகட்டி நிற்க வேண்டாம். யானையைப் பார்த்த அந்த நிமிஷமே வேலை முடிந்தது. 2015-இல் ஆனந்தகுமாருக்கு இதற்காக விட்லி விருது கிடைத்தது. என்னைக் கேட்டால் பெருமையில் பாதி, இருட்டில் நின்று பட்டனை அழுத்திய தொழிலாளர்களுக்கும் உண்டு.

மன உறுதி வேண்டும், சுறுசுறுப்பு வேண்டும் என்று பிள்ளைகளுக்கு உபதேசம் செய்கிறோம். ஆனால் புகார் சொல்ல வருகிறவரை அலைக்கழிக்காமல் இருந்தாலே பாதி வேலை அன்றைக்கே நடந்துவிடும். பிடிக்காத வேலையைக் காலையில், மற்ற வேலைகள் வந்து மறைக்கும் முன்பே முடித்துவிட வேண்டும் என்பது என் அனுபவம். மதியத்துக்கு மேல் மழை ஒரு சாக்கு, சாயங்காலம் இருட்டு ஒரு சாக்கு.

ஒவ்வொரு எஸ்டேட்டிலும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் மஸ்டரில், ஆள் பிரிக்கும் முன், முந்தின நாள் வந்த புகார்களை உரக்கப் படிக்கட்டும். எந்த லயனில் புதர், எந்தக் கம்பத்தில் விளக்கில்லை என்று அங்கேயே பெயர் சொல்லி இரண்டு ஆட்களை அனுப்பட்டும். கொழுந்துக்குப் போகும் ஆளில் இரண்டு குறையும். அந்தக் கிலோவை நிர்வாகம் கேட்கக் கூடாது. நகராட்சிப் பகுதியில் வார்டு கவுன்சிலர்கள் இதையே செய்யலாம். தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் உண்ணிச்செடி நாம் பார்க்கப் பார்க்க வளரும். ஜூன் மாதத்துக்கு முன் தொடங்க வேண்டும்.