உயரம் இருக்கும்போதே

நுழையும்முன்

வானில் சுழன்று சாகசம் புரிவோரின் துணிவு எல்லோர் கண்ணிலும் படுகிறது. அவர்தம் இருக்கையில் மடித்து வைக்கப்பட்டிருக்கும் துணிப்பொதி ஒருவர் கண்ணிலும் படுவதில்லை. அப்பொதியைக் குறித்தும், அதனைக் காலமறிந்து பயன்படுத்தும் மனத்தைக் குறித்தும் இக்கட்டுரை பேசுகிறது.

சிறகான குடை

1797ஆம் ஆண்டில் ஆந்த்ரே ஜாக் கார்னரின் என்பவர் பாரிசு நகரின் மேலே பலூனிலிருந்து வான்குடை வழியாக இறங்கினார். வீழ்ச்சியின் வேகத்தைக் குறைப்பதே அன்று வான்குடையின் பணியாக இருந்தது. 1978இல் பிரான்சு நாட்டின் மியுசி என்னும் மலையூரில், வான்குடை வீரர் மூவர் சரிவில் ஓடி, விமானத்தின் துணையின்றியே பறந்தனர். பாராகிளைடிங் என்னும் விளையாட்டு வளர்வதற்கு அம்முயற்சி வழிகோலியது. இறங்குவதற்கு உதவிய குடை, பறப்பதற்குரிய சிறகாயிற்று.

இச்சிறகுக்கு எலும்பு இல்லை. முன்விளிம்பின் திறப்புகள் வழியே புகும் காற்றே துணிக்கு வடிவம் தருகிறது. மடித்து முதுகில் சுமந்து செல்லத்தக்க எளிமை இதனால் வாய்த்தது. காற்றின் போக்கு பிறழ்ந்தால் சிறகு மடங்கிச் சரியும் இடரும் இதனாலேயே வாய்த்தது.

சாகசமும் இடரும்

இயல்பாகப் பறப்பவர் சிறகு மடங்காமல் காக்கிறார். சாகச வீரரோ சிறகை அதன் எல்லை வரை கொண்டுசெல்கிறார். முடிவிலாக் குட்டிக்கரணம் எனத்தக்க ஒரு சாகசத்தில், வீரர் தம் சிறகுக்கும் மேலாகச் சென்று மீண்டும் மீண்டும் சுழல்கிறார். சிறு பிழை நேர்ந்தாலும் கயிறுகள் முறுக்கிக்கொள்ளலாம். வீரர் தம் சிறகின் மீதே விழுந்து துணிக்குள் சிக்கலாம்.

இதனால்தான் இத்தகைய பயிற்சிகள் பெரும்பாலும் நீர்ப்பரப்பின் மேல் நிகழ்கின்றன. துருக்கியின் ஒலுதெனிஸ் கடற்கரையும் பிரான்சின் அன்னசி ஏரியும் இதற்குப் பெயர்பெற்றவை. கீழே மீட்புப் படகு காத்திருக்கும். வீரர் மிதவை உடை அணிந்திருப்பார். ஆயினும், பெருவேகத்தில் மோதுவோர்க்கு நீரும் கல்லாகும். நீர் காக்க வேண்டுமெனில், விழும் வேகம் முதலில் குறைய வேண்டும். அப்பணிக்காகவே காப்பு வான்குடை இருக்கிறது. சாகச வீரர் பலர் இரண்டு காப்பு வான்குடைகளைச் சுமக்கின்றனர்.

ஐந்து நொடிக் கணக்கு

கட்டுப்பாடிழந்து சுழலும் சிறகு, நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் இறங்குவதாகக் கொள்வோம். 100 மீட்டர் உயரம் 5 நொடியில் கரைந்துவிடும். அதற்குள் வீரர் நிலைமையை உணர்ந்து, கைப்பிடியைக் கண்டு பற்றி, பொதியை இழுத்து, வெற்று வெளியை நோக்கி வீசியாக வேண்டும். குடை விரிவதற்கும் சிறிது உயரம் தேவை. விரிந்தபின் சிறகை இழுத்துச் சுருட்ட வேண்டும். இல்லையேல் இரண்டும் எதிரெதிரே இழுபட்டு இறங்கும் வேகம் மிகும்.

காப்பு வான்குடையில் இறங்கும் வேகம் நொடிக்கு 5.5 மீட்டரை விஞ்சலாகாது என்பது ஐரோப்பியத் தரவிதி. ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரச் சுவரிலிருந்து குதிப்பதற்கு இவ்வேகம் ஒப்பாகும். காயம் நேரலாம், உயிர் தப்பும் வாய்ப்பு மிகப் பெரிது.

தடுப்பது எது?

காப்பு இருப்பதால்தான் வீரர்கள் எல்லை மீறுகின்றனர் என்பர் சிலர். இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால், இதற்குத் தீர்வு காப்பை அகற்றுவதன்று. அதன் எல்லையை உணர்த்துவதே ஆகும். பழுதற்ற வான்குடையும் தாழ்வான உயரத்தில் பயன்படாது. "இன்னும் ஒருமுறை முயன்றால் சிறகு சீராகிவிடும்" என்னும் எண்ணமே கையைத் தடுக்கிறது. வான்குடையை வீசினால் தோற்றவராகக் கருதப்படுவோம் என்னும் கூச்சமும் அதனோடு சேர்கிறது. உயரமோ எவருக்காகவும் காத்திருப்பதில்லை.

ஆகவே, முடிவைத் தரையிலேயே எடுத்துவிட வேண்டும். இன்ன உயரத்திற்குக் கீழே சிறகைச் சீராக்க முயல்வதில்லை, உடனே வீசுவது என்னும் உறுதி புறப்படும் முன்பே வேண்டும். கண்ணை மூடினாலும் கை கைப்பிடியைத் தேடிச் செல்லும் அளவுக்குப் பழக வேண்டும். நெடுநாள் மடிந்துகிடக்கும் துணியில் ஈரம் ஏறும். மடிப்புகள் ஒட்டிக்கொண்டு விரிவது தாமதமாகும். எனவே, தயாரிப்பாளர் குறித்த காலத்தில் அதனைப் பிரித்து, உலர்த்தி, முறையாக மடிக்க வேண்டும். இவற்றிற்குக் கைதட்டல் கிடைப்பதில்லை. ஆயினும், இவையும் சாகசத்தின் பகுதிகளே.

பார்ப்போர்க்கும் பொறுப்பு உண்டு. சுழற்சிக்குக் கைதட்டும் கூட்டம், வான்குடையில் இறங்கி வருபவரையும் அதே மதிப்போடு வரவேற்க வேண்டும். அவர் தோற்றவர் அல்லர். ஒரு சிறகை விட்டு ஓர் உயிரைக் காத்தவர். முயற்சியைக் கைவிடாமை சிறந்த பண்புதான். எதனைக் கைவிட வேண்டும், எப்போது கைவிட வேண்டும் என்றறிவது அதனினும் அரிய பண்பு. அவ்வறிவு, உயரம் இருக்கும்போதே செயலாக வேண்டும்.