டாம் பிராடியா? பெய்டன் மேனிங்கா?

ஒருவரை முதல் ஆளாகக் கூப்பிட்டு எடுத்துக்கொண்டார்கள். இன்னொருவரை 199-வது ஆளாக எடுத்தார்கள்.

முதல் ஆள் பெய்டன் மேனிங். 199-வது ஆள் டாம் பிராடி.

இருவரும் அமெரிக்கக் கால்பந்து வீரர்கள். 2001-ம் ஆண்டு முதல் 2016-ம் ஆண்டு வரை ஒருவரையொருவர் எதிர்த்து ஆடியவர்கள். "இருவரில் பெரியவர் யார்?" என்று கேட்டால் போதும். அமெரிக்காவில் ஒரே வீட்டில் அப்பா ஒரு கட்சி, பிள்ளை ஒரு கட்சி ஆகிவிடுவார்கள்!

'சூப்பர் பவுல்' என்ற இறுதிப் பந்தயத்தில் பிராடி 7 தடவை ஜெயித்தார். மேனிங் ஜெயித்தது 2 தடவைதான்.

"7 பெரிதா, 2 பெரிதா? இதில் என்ன கேள்வி?" என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி இருக்கிறது. கணக்குப் புத்தகத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

காலுக்கு வேலை குறைவு

பெயர்தான் கால்பந்து. காலால் உதைப்பது எப்போதாவதுதான். பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அல்லது எறிவார்கள். பந்தும் உருண்டை அல்ல. இரண்டு முனையும் கூரான முட்டை வடிவம்.

பக்கத்துக்கு 11 பேர். மைதானம் 100 கெஜ நீளம். பந்து வைத்திருக்கும் கோஷ்டி 4 முயற்சிகளில் 10 கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மேலும் 4 முயற்சி. முன்னேறாவிட்டால் பந்து எதிரிக்கு. கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்த்துவிட்டால் 6 புள்ளி. இதற்கு 'டச்டவுன்' என்று பெயர்.

பந்தை எறிகிறவர்தான் 'குவார்ட்டர்பேக்'. தேருக்கு எப்படிச் சாரதியோ அப்படி கோஷ்டிக்கு இவர். பந்து இவர் கைக்கு வந்ததும் இரண்டு மூன்று விநாடியில் முடிவு செய்யவேண்டும். பக்கத்தில் இருப்பவரிடம் கொடுப்பதா? தூரத்தில் ஓடும் கூட்டாளிக்கு எறிவதா? இதற்குள் நூற்றிருபது கிலோ, நூற்று நாற்பது கிலோ ஆட்கள் இவரைத் தரையில் சாய்க்கப் பாய்ந்து வருவார்கள். அவசரத்தில் தப்பாக எறிந்தால் எதிரி பிடித்துக்கொள்வான். பிடித்தால் பந்து அவனுக்குச் சொந்தம்!

இந்த வேலையில்தான் இருவரும் பேர் வாங்கினார்கள்.

ராஜபாட்டையும் ஒற்றையடிப் பாதையும்

மேனிங் 1976-ல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் ஆர்ச்சி மேனிங்கும் புகழ்பெற்ற குவார்ட்டர்பேக். தம்பி ஈலை மேனிங்கும் அதே தொழில். பரம்பரைக் கை!

கல்லூரி ஆட்டக்காரர்களைத் தொழில்முறைக் கோஷ்டிகள் ஆண்டுக்கு ஒரு தடவை வரிசைப்படி தேர்ந்தெடுப்பது அங்கே வழக்கம். 1998-ம் ஆண்டு இந்தியானாபோலிஸ் கோல்ட்ஸ் கோஷ்டி முதல் ஆளாக மேனிங்கைத் தேர்ந்தெடுத்தது. முதல் நாளிலிருந்தே அவர்தான் சாரதி.

பிராடி 1977-ல் கலிபோர்னியாவில் பிறந்தவர். ஒல்லியான உடம்பு. ஓட்டமும் மெதுவு. பரிசோதனையில் 40 கெஜம் ஓட அவருக்கு 5.28 விநாடி ஆயிற்று. 2000-ம் ஆண்டுத் தேர்வில் 198 பேரை எடுத்து முடித்த பிறகு, நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் கோஷ்டி அவரை எடுத்தது. அவருக்கு முன் வேறு 6 குவார்ட்டர்பேக்குகள் போய்விட்டார்கள்.

அந்த ஆண்டு முழுவதும் பிராடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எறிந்தது மொத்தம் மூன்றே மூன்று பந்து!

2001 செப்டம்பர் 23-ந் தேதி பேட்ரியாட்சின் பெரிய ஆட்டக்காரர் டுரூ பிளெட்சோ பலமாக அடிபட்டார். அடுத்த வாரம் பிராடியை இறக்கினார்கள். எதிரே நின்ற கோஷ்டி எது தெரியுமா? மேனிங்கின் கோல்ட்ஸ்!

பேட்ரியாட்ஸ் 44-13 என்று ஜெயித்தது. அந்த ஆட்டத்தில் பிராடி ஒரு டச்டவுன்கூட எறியவில்லை. ஆனாலும் ரசிகர்கள் கணக்கில் "பிராடி 1, மேனிங் 0" என்று விழுந்தது. வம்பு அன்றைக்கே ஆரம்பம்.

எண்கள் சொல்வது என்ன?

பிராடி 23 ஆண்டுகள் ஆடினார். சாதாரண லீக் பந்தயங்களில் அவர் எறிந்து சேர்த்த தூரம் 89,214 கெஜம். அதாவது 50 மைலுக்கு மேல்! டச்டவுன் 649. எதிரி பிடித்த பந்து 212.

மேனிங் 17 ஆண்டுகள் ஆடினார். தூரம் 71,940 கெஜம். டச்டவுன் 539. எதிரி பிடித்த பந்து 251.

மேலோடு பார்த்தால் பிராடி எங்கேயோ இருக்கிறார். ஆனால் அவர் ஆடியது 335 ஆட்டம். மேனிங் ஆடியது 266. ஓர் ஆட்டத்துக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். பிராடிக்கு 266 கெஜம். மேனிங்குக்கு 270 கெஜம்! டச்டவுனிலும் மேனிங்தான் ஓர் இழை முன்னால் நிற்கிறார்.

லீக் நிர்வாகத்தார் ஒரு மார்க்கும் போடுகிறார்கள். எறிந்ததில் கூட்டாளி பிடித்தது எத்தனை, தூரம் எவ்வளவு, டச்டவுன் எத்தனை, எதிரி பிடித்தது எத்தனை ஆகிய நான்கையும் சேர்த்துப் போடும் மார்க். முழு மார்க்கு 158.3. (100 என்று வைத்திருந்தால் என்ன குறைந்துபோகும்? கேட்டால் கணக்கு அப்படித்தான் வருகிறது என்கிறார்கள்!) இதில் பிராடிக்கு 97.2. மேனிங்குக்கு 96.5. ஒரு மார்க்குகூட வித்தியாசம் இல்லை.

ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற பட்டம் பிராடிக்கு 3 தடவை கிடைத்தது. மேனிங்குக்கு 5 தடவை கிடைத்தது.

பிறகு 7-க்கும் 2-க்கும் வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

கோப்பை யாருடையது?

கோப்பையை ஒரு மனிதரின் கணக்கில் எழுதுகிறோம். அதை வாங்குவது ஒரு கோஷ்டி. எல்லாருக்கும் தெரிந்த இந்த விஷயம் சண்டை சூடு பிடித்ததும் மறந்துபோகிறது.

மேனிங்கின் கதையைப் பாருங்கள். 2011-ல் அவருக்குக் கழுத்தில் சிகிச்சை. ஆண்டு முழுவதும் ஆடவில்லை. கோல்ட்ஸ் அவரை விட்டுவிட்டது. டென்வர் பிராங்கோஸ் சேர்த்துக்கொண்டது. 2013-ல் அவர் 55 டச்டவுன் எறிந்தார். 5,477 கெஜம். அதற்கு முன் எவரும் ஒரே ஆண்டில் அவ்வளவு எறிந்தது கிடையாது. ஆனால் இறுதிப் பந்தயத்தில் அவருடைய கோஷ்டி 43-8 என்று படுதோல்வி அடைந்தது!

இரண்டு ஆண்டு கழித்து 2015. மேனிங்குக்கு வயது 39. கையில் பழைய வேகம் இல்லை. லீக் பந்தயங்களில் டச்டவுன் 9. எதிரி பிடித்தது 17. நடுவில் அவரை வெளியே உட்காரவும் வைத்தார்கள். அந்த ஆண்டு இறுதிப் பந்தயத்தில் அவர் எறிந்தது 141 கெஜம்தான். பிராங்கோஸ் 24-10 என்று ஜெயித்தது. எதிரியை நகரவிடாமல் பிடித்து நிறுத்திய தடுப்பாளர்கள் வாங்கிக் கொடுத்த கோப்பை அது.

பிராடிக்கும் இதே கதைதான். 2002-ல் அவர் வாங்கிய முதல் கோப்பையின்போது எறிந்தது 145 கெஜம். கடைசி விநாடியில் ஆடம் வினாடியேரி 48 கெஜ தூரத்திலிருந்து பந்தை உதைத்து 20-17 என்று ஜெயிக்க வைத்தார். 2018-ல் இறுதிப் பந்தயத்தில் பிராடி 505 கெஜம் எறிந்தார். தோற்றுப்போனார்!

அந்த வினாடியேரி 2006-ல் கோஷ்டி மாறி மேனிங்கிடம் போனார். மறு வருஷம் மேனிங்குக்கு முதல் கோப்பை கிடைத்தது. யோசிக்க வேண்டிய விஷயம் அல்லவா?

ஆள் இல்லாவிட்டால்?

சாரதியை இறக்கிவிட்டுப் பார்த்தால் தேர் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துவிடும்.

2010-ல் மேனிங் ஆடியபோது கோல்ட்ஸ் 16-ல் 10 ஆட்டம் ஜெயித்தது. 2011-ல் அவர் இல்லை. ஜெயித்தது 2 ஆட்டம்!

பிராடி 2008-ல் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு ஆண்டு முழுவதும் படுத்துவிட்டார். அவர் இல்லாமலே பேட்ரியாட்ஸ் 11 ஆட்டம் ஜெயித்தது.

"பார்த்தீர்களா? பிராடியை உயர்த்தியது பயிற்சியாளர் பில் பெலிச்சிக்தான்!" என்று மேனிங் கட்சியினர் பல ஆண்டுகள் பேசினார்கள். அந்தப் பேச்சில் நியாயம் இருந்தது.

2020-ல் அது அடங்கியது. பிராடி 43 வயதில் டாம்பா பே பக்கனீர்ஸ் கோஷ்டிக்குப் போனார். முந்திய ஆண்டு 7 ஆட்டம் மட்டுமே ஜெயித்த கோஷ்டி அது. போன முதல் ஆண்டிலேயே கோப்பை! அதே ஆண்டு பெலிச்சிக்கின் பேட்ரியாட்ஸ் 7 ஆட்டம்தான் ஜெயித்தது.

நேருக்கு நேர்

இருவரும் 17 தடவை எதிரெதிரே நின்றார்கள். பிராடியின் கோஷ்டி 11. மேனிங்கின் கோஷ்டி 6.

ஆனால் தோற்றவர் வீட்டுக்குப் போகவேண்டும் என்ற கட்டாயப் பந்தயங்கள் 5. அவற்றில் மேனிங் 3, பிராடி 2! இந்த ஐந்தில் ஒரு வேடிக்கை உண்டு. ஆட்டம் யாருடைய ஊரில் நடந்ததோ அவர் கோஷ்டிதான் ஐந்து தடவையும் ஜெயித்தது.

இதற்கு எண்களில் காரணம் தேடிப் பயன் இல்லை. ஆட்டத்தைக் கண்ணால் பார்க்கவேண்டும். மேனிங் பந்து வாங்குமுன் கோட்டருகே வந்து எதிரி எப்படி அணிவகுத்து நிற்கிறான் என்று பார்ப்பார். உடனே போட்ட திட்டத்தை மாற்றுவார். கையை ஆட்டுவார். விரலை நீட்டுவார். "ஒமாஹா! ஒமாஹா!" என்று கத்துவார். ஒமாஹா என்பது அமெரிக்காவில் ஓர் ஊர். ஆட்டத்தில் அது சங்கேத வார்த்தை. (2014-ல் அந்த ஊர் கம்பெனிகள் அவர் கத்தும் ஒவ்வொரு 'ஒமாஹா'வுக்கும் 800 டாலர் தர்மத்துக்குக் கொடுத்தன!)

சொந்த ஊரில் ஜனங்கள் வாயைப் பொத்திக்கொண்டு அவர் கத்த இடம் கொடுப்பார்கள். எதிரி ஊரில் அவர் வாயைத் திறந்தாலே கூச்சல்! பனி கொட்டும் திறந்த மைதானம் வேறு. 2004 ஜனவரியில் பேட்ரியாட்ஸ் மைதானத்தில் நடந்த அரை இறுதியில் அவர் எறிந்த 4 பந்துகளை எதிரி பிடித்தான்.

பிராடியைப் பார்ப்பவர்களுக்கு முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆர்ப்பாட்டம் இல்லை. பாய்ச்சல் இல்லை. தாக்க வருகிறவனைக் கண்டால் ஓடமாட்டார். ஓர் அடி முன்னால் வைப்பார், அல்லது பக்கத்தில் நகர்வார். அவன் வழுக்கிக்கொண்டு போவான். பந்து பக்கத்திலேயே ஒரு கூட்டாளியிடம் போய்ச் சேர்ந்திருக்கும். ஐந்து கெஜம், ஏழு கெஜம் என்று சிறுகச் சிறுகப் போவார். 2017-ல் அட்லாண்டா கோஷ்டியோடு நடந்த இறுதிப் பந்தயத்தில் 28-3 என்று பின்தங்கியபோதும் இப்படியே போனார். 34-28 என்று ஜெயித்தார்!

அவரும் தப்புச் செய்யாதவர் அல்ல. 2007 ஜனவரி அரை இறுதியில் கோல்ட்ஸ் 21-3 என்று பின்தங்கி, பிறகு 38-34 என்று முந்தியது. கடைசி நிமிஷத்தில் பிராடி எறிந்த பந்து எதிரி கையில்தான் விழுந்தது.

என் கணக்கு

பிராடிதான் பெரியவர் என்று நான் சொல்வேன். 7 கோப்பையைப் பார்த்து அல்ல. எதிரி பிடித்த பந்தைப் பார்த்துச் சொல்கிறேன்.

1,000 பந்து எறிந்தால் பிராடியிடமிருந்து எதிரிக்குப் போனது 18. மேனிங்கிடமிருந்து போனது 27. ஆண்டுக்கு நான்கைந்து பந்துதான் வித்தியாசம்! இரண்டு மலைகளுக்கு நடுவே உள்ள உயர வித்தியாசம் இவ்வளவே. 7-க்கும் 2-க்கும் உள்ள தூரம் இந்த மனிதர்களுக்குள் இல்லை.

அந்த நான்கைந்தையும் மேனிங் தலையில் முழுவதும் கட்டுவது சரியல்ல. 1998-ல், முதல் ஆண்டில் மட்டும், அவர் எறிந்த 28 பந்துகளை எதிரி பிடித்தான். அந்த ஆண்டைக் கழித்தால் 27 என்பது 25 ஆகிவிடும். பிராடியோ அந்தப் பாடத்தைப் பெஞ்சில் உட்கார்ந்து படித்தார். அவர் கற்றுக்கொண்ட வருஷம் கணக்கில் ஏறவில்லை. இவர் கற்றுக்கொண்ட வருஷம் ஏறிவிட்டது. 199-வது ஆளாக வந்ததில் அப்படியும் ஒரு லாபம்!

கட்டாயப் பந்தயங்களில் பிராடி 35 ஜெயித்து 13 தோற்றார். மேனிங் 14 ஜெயித்து 13 தோற்றார். தோல்வியில் இருவரும் சமம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

2021 ஆகஸ்டில் ஒஹையோ மாகாணத்தின் கேன்டன் நகரில், கால்பந்துப் பெருமக்கள் மண்டபத்தில் மேனிங்கின் பெயரைச் சேர்த்தார்கள். விழாவுக்கு பிராடி வந்து உட்கார்ந்திருந்தார். மேனிங் மேடையில் அவர் பெயரைச் சொன்னதும் கூட்டம் 'ஊ' என்று கூச்சல் போட்டது. மேனிங் சிரித்துக்கொண்டே, பிராடிக்கு இந்த மண்டபத்தில் இடம் கிடைக்க 2035 ஆகிவிடும் என்று கேலி செய்தார். மனிதர் ஆட்டத்தை விட்டால்தானே!

2023 பிப்ரவரியில் பிராடி ஆட்டத்தை விட்டார். ஐந்து ஆண்டு இடைவெளி வேண்டும் என்பது மண்டபத்தின் சட்டம். அதன்படி அவருக்கு முறை வரும் ஆண்டு 2028.