விருந்தாளி யார், வந்தேறி யார்?

போர்ச்சுகல் நாட்டின் வடபகுதியில், டோரோ நதி கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது போர்ட்டோ. சின்ன நகரம்தான். 1981ம் ஆண்டுக் குடிக்கணக்கில் அங்கே 3 லட்சத்து 27 ஆயிரம் பேர் இருந்தனர். 2021ல் எஞ்சியவர்கள் சுமார் 2 லட்சத்து 32 ஆயிரம் பேர். சுற்றுப்புற ஊர்களுக்குப் போனவர்கள் ஏராளம். பிழைப்புத் தேடி பிரான்சுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் போனவர்கள் ஏராளம்.

சொந்த மக்கள் வெளியேறும் இந்த நகருக்குப் புதிதாக ஒரு கூட்டம் வந்து சேர்ந்திருக்கிறது. கையில் மடிக்கணினி, சம்பளம் லண்டனிலிருந்தோ நியூயார்க்கிலிருந்தோ வருகிறது, குடியிருப்பு ஆற்றங்கரையில். லண்டன் கடிகாரமும் போர்ட்டோ கடிகாரமும் ஒரே நேரம் காட்டுவதால் வேலைக்கும் இடைஞ்சல் இல்லை.

இவர்களை வரவேற்க போர்ச்சுகல் சர்க்கார் 2022 அக்டோபரில் தனி விசா ஏற்படுத்தியது. அதன் நிபந்தனை என்ன தெரியுமா? விண்ணப்பிப்பவரின் மாத வருமானம், அந்நாட்டின் குறைந்தபட்சக் கூலியைப் போல் நான்கு மடங்கு இருக்க வேண்டும்! 2025ல் குறைந்தபட்சக் கூலி 870 யூரோவாக இருந்தது. அப்படியானால் அந்த ஆண்டு வருகிறவர் 3,480 யூரோ காட்ட வேண்டியிருந்தது.

தன் நாட்டுத் தொழிலாளிக்கு ஒரு பங்கு. நான்கு பங்கு வாங்குகிறவனுக்குத்தான் கதவு திறக்கும். இருவரும் ஒரே தெருவில் வீடு தேடினால் வீட்டுக்காரன் யாருக்குச் சாவியைக் கொடுப்பான்? இதைச் சொல்லப் பொருளாதார நிபுணர் வேண்டுமா?

குற்றவாளி யார்?

ஆனால், தோழர்களே, மடிக்கணினிக்காரனைத் திட்டிவிட்டு ஓய்ந்துவிடுவது சரியல்ல. அவனும் மாதச் சம்பளத்துக்கு உழைப்பை விற்கிறவன்தான். தன் ஊர் வாடகை கட்டுப்படியாகாமல் ஓடிவந்தவர்களும் அவர்களில் உண்டு. வீட்டைச் சரக்காக்கியவன் அவன் அல்ல.

2011ல் போர்ச்சுகல் கடனில் மூழ்கியது. சர்வதேச நிதி நிறுவனமும் ஐரோப்பிய ஒன்றியமும் 7,800 கோடி யூரோ கடன் தர முன்வந்து, நிபந்தனைகளை நீட்டின. அவற்றில் ஒன்று, வாடகைச் சட்டத்தைத் தளர்த்துவது. 2012ல் அப்படியே சட்டம் வந்தது. பழைய வாடகைதாரர்களுக்கு இருந்த பாதுகாப்பு உடைந்தது. அதே ஆண்டில், 5 லட்சம் யூரோவுக்கு வீடு வாங்கும் வெளிநாட்டுப் பணக்காரனுக்குக் குடியிருப்பு உரிமை என்ற "தங்க விசா"வும் வந்தது. வீடு வாங்கி விசா பெறும் வழி 2023ல்தான் மூடப்பட்டது. இடையில் எத்தனை கிழவர்களும் கிழவிகளும் பிறந்த தெருவை விட்டு மூட்டை கட்டியிருப்பார்கள்!

போர்ட்டோவின் தொழிலாளிக்கு இது புது அனுபவமும் அல்ல. 19ம் நூற்றாண்டில் ஆலைகளுக்கு வந்த கிராமத்து மக்களை, பெரிய வீடுகளின் கொல்லைப்புறத்தில் ஒற்றை அறை வரிசைகளில் அடைத்து வாடகை வசூலித்தார்கள். அந்த வரிசைகளுக்கு "தீவுகள்" என்றே பெயர். தீவுகளில் பல இன்றும் இருக்கின்றன.

அதே மக்கள் தலைநிமிர்ந்த நாளும் உண்டு. 1974 ஏப்ரல் 25ல் பாசிச ஆட்சி வீழ்ந்தது. சில மாதங்களில், குடிசைவாசிகளே குழுக்களாகக் கூடி, கட்டடக் கலைஞர்களோடு உட்கார்ந்து தங்கள் வீடுகளைத் திட்டமிடும் இயக்கம் பிறந்தது. போர்ட்டோவில் "எங்களுக்கு வீடு வேண்டும்" என்று வீதிகள் நிறைந்தன. 1976ல் வந்த அரசியல் சட்டத்தின் 65வது விதி, வீடு ஒவ்வொருவரின் உரிமை என்று எழுதியது. அதே 1976ல் அந்த இயக்கத்தையும் நிறுத்திவிட்டார்கள்! விதி ஏட்டில் இருக்கிறது. வீடு சந்தையில் இருக்கிறது.

இரண்டு பெயர்கள்

இன்னொன்றையும் கவனியுங்கள். போர்ட்டோவில் வேறு வெளிநாட்டார்களும் வாழ்கிறார்கள். அல்ஜீரியர், வங்காளதேசத்தவர், நேபாளிகள், நம் இந்தியர்கள். சாப்பாட்டுப் பையைச் சுமந்து சைக்கிளில் ஏறியிறங்குகிறவர்கள். ஓட்டல் அடுக்களையில் பாத்திரம் துலக்குகிறவர்கள். ஒரே அறையில் பலராய்ப் படுக்கிறவர்கள். மடிக்கணினிக்காரன் "விருந்தாளி", அவன் வாசலுக்குச் சாப்பாடு கொண்டுவருகிறவன் "வந்தேறி"! இருவரும் கடல் கடந்து வந்தவர்களே. பெயரை மாற்றுவது பணப்பைதான்.

2024 மே மாதத் தொடக்கத்தில் போர்ட்டோவில் முகமூடிக் கும்பல் குடியேறிகளின் இருப்பிடத்துக்குள் புகுந்து அடித்தது. ஆற்றங்கரை மாடிகள் பக்கம் அந்தக் கும்பல் போகவில்லை. ஏழையின் அறைக்குத்தான் போனது. குடியேறிகள் மீது வெறுப்பைத் தூண்டும் தீவிர வலதுசாரிக் கட்சி 2025 தேர்தலில் 60 இடங்கள் பெற்று இரண்டாவது பெரிய கட்சியாகிவிட்டது. வாடகைக் கொள்ளையால் மூண்ட கோபத்தைச் சைக்கிள்காரன் மீது திருப்பிவிட்டால் யாருக்கு லாபம்? கொள்ளைக்காரனுக்கே லாபம்!

நல்ல வேளையாக, வேறு வழியும் தெரிகிறது. 2023 ஏப்ரல் 1 அன்று லிஸ்பனிலும் போர்ட்டோவிலும் பிற நகரங்களிலும் மக்கள் வீதிக்கு வந்தார்கள். வாழ்வதற்கு வீடு வேண்டும் என்பதே கோஷம். செப்டம்பர் 30ல் மீண்டும் வந்தார்கள்.

வாடகைக்கு உச்சவரம்பு, பூட்டிக் கிடக்கும் வீடுகளைத் திறப்பது, சர்க்கார் பொறுப்பில் வீடு கட்டுவது, குறைந்தபட்சக் கூலியை உயர்த்துவது: இவையே கோரிக்கைகளாக வேண்டும். இவற்றில் போர்ச்சுகீசியனுக்கும் நேபாளிக்கும் முரண்பாடு ஏது? மனசாட்சியுள்ள மடிக்கணினிக்காரனும் இந்த ஊர்வலத்தில் சேரலாம். அவனை நாம் எட்டித் தள்ளக் கூடாது.

நதி எல்லோருக்கும் பொது. கரையும் பொதுவாக வேண்டும்.